பனியில்லாத பந்தயத்தில் ஒரு குரல்

மூன்று வருடங்களுக்கு முன், ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். ரப்பர் தோட்டத்தை விட்டு வந்த பிறகு, ரந்தாவ் ஊர்ப் பக்கம் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், நாங்கள் இருக்கும் வீட்டில்தான் நடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்களுக்கு ஒரே மகள். ஜெர்மனிக்குப் படிக்கப் போனவள், அங்கேயே ஒரு மலையூரில் தொழிற்சாலை வேலையில் சேர்ந்துவிட்டாள். அவள் வீட்டுக்கு வந்து அப்போது நான்கு வருடமாகியிருந்தது. தீபாவளிக்கு லீவு கிடைக்காது. கோடையில் கிடைக்கும், ஆனால் அந்த நேரம் பார்த்து அவளுடைய ஊரில் ஒரு போட்டி வரும். தொண்டூழியம் செய்ய முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிடுவாள்.

அது என்ன போட்டி என்று புரிந்துகொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. பனிச்சறுக்குப் போட்டிதான், ஆனால் பனி கிடையாது. உயரமான சறுக்குமேடையிலிருந்து ஆகாயத்தில் தாவி, தண்ணீர் தெளித்த பிளாஸ்டிக் விரிப்பில் வந்து இறங்குவார்கள். பிறகு சக்கரம் வைத்த கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். நன்றாகத் தாவியவன் முதலில் கிளம்புவான், மற்றவர்கள் சில விநாடி பிந்திக் கிளம்பி அவனைத் துரத்த வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் ஊர் மாற்றி ஊர் நடக்கும் தொடர். மகளின் ஊரும் அதில் ஒன்று.

பனியே இல்லாமல் பனிச்சறுக்கு விடுகிறார்களாம், வேலையற்றவர்கள் என்று வாய்க்கு வந்தபடி திட்டுவேன். உண்மையில் எனக்குப் போட்டி மேல் கோபமில்லை. பிள்ளையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருடம் மகள் போன் செய்து, போட்டியை இன்டர்நெட்டில் நேரலையாகக் காட்டப்போகிறார்கள் என்றாள். ரோட்டின் ஒரு வளைவில் மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு, கூட்டம் குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலையாம். கேமராவில் முகம் தெரியுமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

"முகம் தெரியலன்னாலும் சத்தம் கேக்கும்மா. நீ நெரையில கூப்புடுவியே, அதே மாதிரி கூப்புடுறேன்."

என் மனைவி பல வருடம் பால்மரம் வெட்டி, ரப்பர் பால் எடுத்தவள். தோட்டத்தில் ஆளுக்கொரு வரிசை மரம், அதைத்தான் நெரை என்போம். விடியற்காலை மூட்டத்தில் பக்கத்து நெரையில் ஆள் இருப்பதே தெரியாது. அதனால் அவ்வப்போது ஒருத்தி "ஊ...ய்" என்று இழுத்துக் கூப்பிடுவாள். அடுத்தவள் "ஓ...ய்" என்று பதில் கொடுக்க வேண்டும். பதில் வரவில்லையென்றால் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தேடிப் போவார்கள். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் மனைவி மகளை வீட்டுக்கு அழைப்பது அந்தக் குரலில்தான்.

போட்டி எங்கள் நேரத்துக்கு மாலை நான்கு மணி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என் மகள் டிவியில வரப்போறா" என்று மூன்று வீட்டைக் கூட்டிவிட்டேன். மனைவி அரிசிச் சேமியாவில் மீகூன் பிரட்டி வைத்தாள். இன்டர்நெட்டை இணைத்த டிவியில் வர்ணனை ஜெர்மன் மொழியில் ஓடியது, யாருக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன், "என்னா லா சொல்றான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அடைத்துவிட்டு, எழுந்து நின்று நானே விளக்க ஆரம்பித்தேன். எல்லாரும் கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஓட்டம் தொடங்கும்போது அடுப்படியிலிருந்து மனைவி வந்து டிவிக்குக் கிட்டே உட்கார்ந்தாள். "சத்தம் வைங்க" என்று ஒருமுறை சொன்னாள். "இரு, இரு" என்று கையைக் காட்டிவிட்டு நான் பேசிக்கொண்டே போனேன். அந்த வளைவு நான்கைந்து தடவை வந்தது. ஒரு மஞ்சள் சட்டை கண்மூடித் திறப்பதற்குள் வந்து போனது. அவளா, வேறு யாரோவா, தெரியவில்லை.

எல்லாம் முடிந்தது. மனைவி மட்டும் காதை டிவி பக்கம் சாய்த்தபடியே இருந்தாள்.

"கூப்புட்டாளாங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவியின் மூலையில் சத்தம் அடைத்த குறி அப்படியே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள். தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

வந்தவர்கள் கலைந்த பிறகு மகள் போன் செய்தாள். நான் முந்திக்கொண்டேன். "கேட்டுச்சும்மா. கணீர்னு கேட்டுச்சு. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல."



"நான் கூப்புடலப்பா. வாயத் தொறந்தேன், அழுகதான் வந்துச்சு."

சத்தத்தை அடைத்துவிட்டு ஊருக்கே பாடம் நடத்திய கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் சிரித்தாள், பிறகு அழுதாள். மனைவி வந்து என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் கூடப் போகவில்லை, போக முகமில்லை.

அடுத்த ஆகஸ்டில் மகள் வந்தாள், மூன்று வாரம். போட்டிக்குப் பெயர் கொடுக்காமல் வந்திருந்தாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் எனக்கு நினைப்பு. அந்தச் சனிக்கிழமை நான்கு மணிக்கு அவளே போட்டியைப் போட்டாள். நான் சத்தத்தை முழுதாக ஏற்றினேன், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வளைவு வந்தது. மஞ்சள் சட்டையில் வேறொருத்தி நின்றாள்.

"அது என் எடம்ப்பா" என்றாள் மகள். அந்த வளைவுக்குப் பக்கத்து வீட்டம்மா வருடாவருடம் பிளம்ஸ் கேக் சுட்டுக்கொண்டு வருவாளாம், இந்த வருடம் யாருக்குக் கொடுத்திருப்பாள் என்று கேட்டாள். காதை டிவி பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். போன வருடம் அவள் அம்மா உட்கார்ந்திருந்தது அப்படியே. எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்துவிட்ட பிள்ளை, வீட்டில் இருந்துகொண்டே இன்னொரு வீட்டுக்கு ஏங்கிக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சுற்றில் அந்த வளைவு மறுபடியும் வந்தபோது, தன்னை அறியாமல் டிவியைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டாள். "ஊ...ய்!"

"ஓ...ய்!" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், மகள் தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருக்கிறாள். மகள் அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

அவள் திரும்பிப் போய்விட்டாள், மறுபடியும் அந்த வளைவில் நிற்கிறாள். ஏன் வரவில்லை என்று நான் இப்போது கேட்பதில்லை. ஆகஸ்டு வந்தால் சத்தத்தை முழுதாக வைத்துவிட்டு மனைவியும் நானும் டிவி முன்னால் உட்காருகிறோம். எந்த நெரையில் நின்று அவள் கூப்பிட்டாலும் பதில் கொடுக்க வீட்டில் இரண்டு பேர் இருக்க வேண்டும்.