மண்வெட்டி எண்ணிய மனிதனுக்காக ஒரு ஜெபம்

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு,

இதை நான் கண்ணீரோடு எழுதவில்லை. சாட்சி சொல்ல எழும்புகிறவர்கள் முதல் வசனத்திலேயே தழுதழுப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வராது. நான் கோபக்காரி. வாவி கடலோடு சேருகிற இந்த முகத்துவாரத்தில், எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோபத்தோடு போய்க் கேட்டதற்குத்தான் ஆண்டவர் எனக்குப் பதில் தந்தார். அதனால் அதை மறைக்காமலே சொல்கிறேன்.

என் மகள் ஷாமினிக்குப் பிறவியிலேயே இருதயத்தில் ஓட்டை. ஐந்து வயதுவரை எப்படியோ சமாளித்தோம். ஆறாம் வயதில் உதடும் நகமும் நீலம் பாரிக்கத் தொடங்கின. பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கிக் குந்திவிடுவாள். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க, நெஞ்சு ஓடுது" என்பாள். பிள்ளை நடக்கவே முடியாமல் கிடக்க, நெஞ்சு மட்டும் ஓடியது.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் கடிதம் தந்து கொழும்பில் ஒரு சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். யுத்தத்துக்கு நடுவில் கொழும்புப் பயணம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆமியின் சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும், சென்றிக்குச் சென்றி பஸ்ஸை நிறுத்துவார்கள். எல்லோரும் இறங்கி, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் போய் ஏற வேண்டும். ஓரிடத்தில் பிள்ளையை இறக்கி நடக்க விடச் சொன்னான் ஒரு ஆமிக்காரன். நான் இறக்கவில்லை. டொக்டரின் கடிதத்தை அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நின்றவர்கள் என் சேலையை இழுத்தார்கள். கடைசியில் அவன்தான் வழிவிட்டான். வாவியில் மீன்பிடிக்கிற என் கணவர் எங்களோடு வரவில்லை. மட்டக்களப்பு அடையாள அட்டையோடு ஓர் இளம் ஆண் கொழும்பில் தங்கினால் சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கொழும்பு டொக்டர் நல்ல மனிதர். ஒளித்துப் பேசவில்லை.

"ஒப்பரேஷன் செய்யலாம் அம்மா. செய்யிற நேரம் இருதயத்த நிப்பாட்டி வைக்க வேணும். அந்த நேரம் இருதயத்தின்ட வேலையச் செய்யிற மெஷின் எங்களிட்ட ஒண்டுதான் இருக்கு. காத்திருக்கிற பிள்ளைகள் நிறையப் பேர்."

"இவட முறை எப்ப வரும் சேர்?"

"அடுத்த வருசம் முடியிறதுக்குள்ள வரும்."

"அதுமட்டும் இவள் தாங்குவாளா?"

அவர் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். மடித்து என் கையில் தந்துவிட்டு, அடுத்த பிள்ளையின் கடிதத்தை எடுத்தார்.

வார்டுக்கு வந்து நோயாளிகளோடு ஜெபிக்கிற ஒரு சகோதரி என் கையைப் பிடித்து, "அழுது மன்றாடுங்கோ, அவர் இரங்குவார்" என்றா. ஆறு வருடமாக அழுதுவிட்டேன் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? அன்று மத்தியானம் ஷாமினி நித்திரையான பிறகு விறாந்தையில் போய் முழங்காலில் நின்றேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் சுளியுங்கள்.

"ஆண்டவரே, கெஞ்சினது போதும். இப்ப கேக்கிறன். இந்தப் புள்ளய நீராத்தான் தந்தீர். பாதியில எடுக்கப் போறீரெண்டா எனக்கு நேர சொல்லும். இல்லாட்டி வழியக் காட்டும். ரெண்டுல ஒண்டு தெரியாம நான் உம்ம விடமாட்டன்."

இரண்டு நாளில் டொக்டர் என்னைக் கூப்பிட்டார். ஒரு தொலைக்காட்சியில் பிரபலங்கள் பொது அறிவுப் போட்டியில் விளையாடப் போகிறார்களாம். எல்லாக் கேள்விக்கும் சரியான பதில் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இரண்டாவது மெஷின் கிடைக்கும். கிடைத்தால் ஷாமினியின் ஒப்பரேஷன் அந்த மாதத்திலேயே. ஒரு பதில் பிழைத்தாலும் மெஷின் இல்லை. ஆறுதல் பரிசாக வார்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி பொம்மை.

"பொம்மையா சேர்?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பதிவு செய்கிற நாளில் பார்வையாளர்களாக இருத்துவதற்கு வார்டிலிருந்து சில தாய்மாரை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஷாமினியைத் தாதியிடம் விட்டுவிட்டுப் போனேன். மேடையில் மூன்று பேர்: ஒரு நாடக நடிகை, ஒரு கிரிக்கெட் வீரர், ஒரு வானொலி அறிவிப்பாளர். பெயர் சொன்னால் உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே சொல்லவில்லை. முன்வரிசையில் எங்களை இருத்திவிட்டு, காதில் வயர் மாட்டிய ஒரு இளைஞர் வந்தார்.

"அக்கா, கமரா உங்க பக்கம் திரும்பும்போது கொஞ்சம் அழுதீங்கன்னா நல்லா இருக்கும்."

"அழுறதுக்கு நான் நடிகையில்ல தம்பி. நடிகை அங்க மேடையில இரிக்கிறா, அவவிட்டச் சொல்லுங்க."

மேடையில் நடிகை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அந்தத் தம்பிக்கு என்மேல் கோபம். என்னை வரிசையின் ஓரத்துக்கு மாற்றி இருத்தினார். பக்கத்தில் ஒரு பெரிய லைட். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு சிங்கள ஆள் நின்றார். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார்.

போட்டி தொடங்கியது. கிரிக்கெட் வீரர் ஒரு கேள்வியில் தடுமாறி, மயிரிழையில் தப்பினார். கடைசிக் கேள்வி நடிகைக்கு.

போட்டி நடத்துகிறவர் அட்டையைப் பார்த்து வாசித்தார். "மாரிகாலத்தில் மட்டக்களப்பு வாவியில் வெள்ளம் நிரம்பும்போது முகத்துவாரம் எப்படித் திறக்கப்படுகிறது? கடல் அலை உடைக்கும், அணைக்கதவைத் திறப்பார்கள், மக்கள் மணலை வெட்டித் திறப்பார்கள். இதில் எது?"

உலகத்தில் எத்தனை விஷயம் இருக்க, என் வீட்டு வாசலைப் பற்றியா கேள்வி? நடிகைக்குத் தெரியவில்லை. ஒரு தரம் மட்டும் பார்வையாளரிடம் உதவி கேட்கலாம் என்று ஒரு விதி இருந்தது. "மட்டக்களப்பில இருந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டா. நான் எழும்பினேன்.

"வெட்டித்தான் திறக்கிற" என்றேன்.

"நிச்சயமாத் தெரியுமா அக்கா?"

"நான் அங்கதான் இரிக்கன், புள்ள."

அவ நடத்துகிறவர் பக்கம் திரும்பினா. பிறகு, "மக்கள் மணலை வெட்டித் திறப்பார்கள்" என்றா.

நடத்துகிறவர் அட்டையைத் திருப்பினார். அவர் முகம் மாறியது. "மன்னிக்க வேண்டும். சரியான விடை, அணைக்கதவைத் திறப்பார்கள்."

எனக்குப் பக்கத்தில் இருந்த தாய் நெஞ்சில் கையை வைத்தா. அவவின் மகனும் ஒப்பரேஷனுக்கு அதே பட்டியலில் காத்திருக்கிறவன். நான் கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே நின்றேன்.

"அந்த அட்டய எழுதினவர் எங்கட ஊருக்கு வந்திரிக்காரா?" என்று கேட்டேன். "அங்க கதவுமில்ல, ஒண்டுமில்ல. மணல்தான். வாவிக்கு அங்கால படுவான்கரையில வயல்வட்டை முழுக்கத் தண்ணி நிண்டா வேளாண்ம அழுகிப் போகும். எங்கட ஆக்கள் சென்றியில நிக்கிற ஆமிக்காரனிட்ட அடையாள அட்டயக் குடுத்து, மண்வெட்டிய எண்ணிக் காட்டிப் போட்டுத்தான் வெட்டப் போறவங்க. திரும்பி வரக்கொள்ளயும் எண்ணுவாங்க. நான் சோறு கொண்டு போயிரிக்கன். ஒரு முற வாய் உடைச்சித் தண்ணி பாஞ்சதுல என்ட புருசன்ட மண்வெட்டி கடலுக்குப் போயிற்று. எண்ணிக்கையில ஒண்டு குறையுதெண்டு எல்லாரையும் வெயிலுக்க முழங்கால்ல நிப்பாட்டினாங்க. பொழுது சாயுமட்டும் நிண்டாங்க. கதவு திறக்க ஆருக்கும் மண்வெட்டி தேவயா?"

"அக்கா, இருங்க, இருங்க. இதெல்லாம் இங்க பேசக் கூடாது" என்று காதில் வயர் மாட்டிய தம்பி ஓடிவந்தார். எனக்கும் அது தெரியும். கொழும்பில், நாலு பேருக்கு முன்னால், ஆமியைப் பற்றி ஒரு மட்டக்களப்புப் பொம்பிளை பேசினால் வார்டுக்குத் திரும்பிப் போவாளா என்பதே சந்தேகம். நான் இருக்கவில்லை. "ஆண்டவரே, வழியக் காட்டும் எண்டனே, இப்ப காட்டும்" என்று மனதுக்குள் சத்தம் போட்டேன்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்தில் நின்ற லைட் ஆடியது. அதைப் பிடித்திருந்த மனிதர் அதை நிலத்தில் வைத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு மேடைக்கு முன்னால் போனார். சிங்களத்தில் பேசினார். வானொலி அறிவிப்பாளர் எழும்பி வந்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"இவர் முன்னம் ஆமியில இருந்தவராம். காலில் காயம் பட்டு விலகினவராம். அந்த முகத்துவாரச் சென்றியில்தான் நிண்டவராம். இந்த அம்மா சொல்வது உண்மையாம். மக்கள்தான் வெட்டுவார்களாம்."

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். அடுத்ததைத் தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழிலேயே சொன்னார்.

"மண்வெட்டி எண்ணினது நான். ஒண்டு குறைஞ்சது, அதுவும் நான்தான் சொன்னது."

சபையாரே, அந்த வெயிலில் முழங்காலில் நின்ற என் கணவரை நான் கண்ணால் கண்டவள். அந்தச் சென்றியில் நின்ற ஒவ்வொருவனையும் சபித்தவள். அவர்களில் ஒருவன் தன் வேலை போகும் என்று தெரிந்தும், யாரும் கேட்காமலே வந்து எனக்காகச் சாட்சி சொன்னான். வழியைக் காட்டும் என்று கேட்டேன். ஆண்டவர் காட்டிய வழி அதுதான். எனக்குப் பிடித்த வழியா என்று அவர் கேட்கவில்லை.

உள்ளே ஒரு அறையில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். நாங்கள் காத்திருந்தோம். வெளியே வந்து, அட்டை பிழை, பதில் சரி என்றார்கள். நடிகை மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தா. அழுதது அவதான். நான் திரும்பிப் பார்த்தபோது லைட்டை வேறொருவர் பிடித்திருந்தார். அந்த மனிதரைப் பற்றிக் கேட்டேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். பெயரைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லை.

நிகழ்ச்சியை நீங்கள் கரண்ட் இல்லாத நம் ஊரில் ரீவிக்குப் பற்றரி போட்டுக் கூடியிருந்து பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் நான் இல்லை, அந்த மனிதரும் இல்லை. நடிகை தானாகவே பதில் சொன்ன மாதிரியும் எல்லோரும் கைதட்டின மாதிரியும் வெட்டி ஒட்டிப் போட்டிருந்தார்கள். அவர்கள் காட்டாமல் விட்டால் நடந்தது நடக்காமல் போகுமா? அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மெஷின் வந்தது. ஷாமினிக்கு ஒப்பரேஷன் நடந்தது. என் பக்கத்தில் இருந்த தாயின் மகனுக்கும் நடந்தது. இப்போது ஷாமினி ஞாயிறு பாடசாலைக்கு எனக்கு முன்னால் ஓடுகிறாள். பின்னால் போகிற எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது. என் தேவனுக்கு ஸ்தோத்திரம். இந்த வார்த்தையை நான் வாய்ப்பழக்கத்துக்குச் சொல்லவில்லை.

உங்களில் யாருக்காவது ஜெபிக்கக் கண்ணீர் வரவில்லையென்றால், வராமலே போங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு போங்கள். அவர் தாங்குவார். ஆனால் பதில் யார் கையால் வரவேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஜெப விண்ணப்பத்தில் நான் எழும்பி அந்த மனிதருக்காக ஜெபிக்கக் கேட்கிறபோது சிலர் ஒருவரையொருவர் பார்க்கிறீர்கள். போன கிழமை ஒருவர் முகத்துக்கு நேரேயே கேட்டார். "ஷாமினிட அம்மா, ஆமிக்காரனுக்கா ஜெபம்?" முழங்காலில் நின்ற என் கணவருக்கும் இது இன்னும் பிடிக்கவில்லை. எனக்கே முழுக்கப் பிடித்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சென்றியை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் கேட்பேன். வாற ஞாயிறும் எழும்புவேன். ஓம், ஆமிக்காரனுக்குத்தான். பெயர் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும். மனமில்லாதவர்கள் வாயை மூடிக்கொண்டு இருங்கள். மற்றவர்கள் என்னோடு சேர்ந்து ஆமென் சொல்லுங்கள்.