குரல் நின்ற பிறகு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றி வந்த லாரி, திண்டுக்கல்லில் ஒரு கிடங்கின் முன் பின்னோக்கி நகர்ந்தது. பின்னால் நின்று வழிகாட்டிய கிளீனர், வண்டிக்கும் சுவருக்கும் இடையே சிக்கி இறந்தார். ஓட்டுநருக்குக் காயமில்லை. ஓட்டுநர் என் தந்தை. எனக்கு அப்போது வயது ஒன்பது.

கிளீனர் "வரலாம், வரலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். குரல் நின்ற பின்னும் வண்டி ஒரு முழம் நகர்ந்தது. இதைக் காவல் நிலையத்தில் ஒருமுறை சொன்ன அப்பா, அதன்பின் பேசவில்லை.

வீட்டில் அவர் எந்த வாசலையும் தாமாகத் தாண்டவில்லை. அடுக்களை நிலைப்படியிலும் குளியலறை வாசலிலும் நின்றுவிடுவார். தலையைச் சற்றே பின்புறம் சாய்த்து, எதையோ கேட்கக் காத்திருப்பார். கையைப் பிடித்து இழுத்தால் நிலையைப் பற்றிக்கொள்வார். மாமா ஒருநாள் பொறுமையிழந்தார்.

"மச்சான், இது வாசப்படி. செக்போஸ்ட் இல்ல, வாங்க."

எவரும் சிரிக்கவில்லை. சில நாட்களில் நானும் வாசல்களில் தயங்கத் தொடங்கினேன். பட்டப்பகலில், என் முதுகுக்குப் பின்னே யாரோ மூச்சை அடக்கி நிற்பதாகத் தோன்றியது.

அப்பா சோற்றையும் ஒதுக்கவே, அம்மா குறிசொல்லும் கோடாங்கியை வரவழைத்தார். நெடுநேரம் உடுக்கை அடித்த அவர், "பய இன்னும் எறங்கல. பின்னாடியே நிக்கிறான். பெத்தவ வந்து அனுப்பணும்" என்றார்.

அம்மா சொல்லியனுப்பியதும், கிளீனரின் தாய் வத்தலக்குண்டிலிருந்து நண்பகல் பேருந்தில் தனியே வந்தார். சற்று நேரம் உட்காரச் சொன்னார் அம்மா.

"உக்கார வரல, தாயி. அவரு எங்கிட்டு நிக்கிறாரு?"

அப்பா கொல்லைக் கதவருகே, வெளியே பார்த்தபடி நின்றிருந்தார். அந்த அம்மாள் அவருக்குப் பின்னால் போய் நின்றார். வெகுநேரம் ஒன்றும் நிகழவில்லை. மீண்டும் வந்திருந்த கோடாங்கியின் உடுக்கையும் ஓய்ந்துவிட்டது. பிறகு, கிளீனர்கள் லாரியின் பக்கப்பலகையில் தட்டுவதைப் போல, திறந்திருந்த கதவில் உள்ளங்கையால் இரண்டு முறை அடித்தார்.

"போலாம்ண்ணே. ரைட்."

எங்கள் வீட்டில் பலமுறை உண்டுபோன அந்தக் கிளீனரின் குரலேதான் அது. அப்பா வாசலைத் தாண்டினார். கொல்லையில் குந்தி அமர்ந்து, வாய்விட்டு அழுதார். அந்த அம்மாள் தண்ணீரும் குடிக்காமல் புறப்பட்டார்.

ஆவி வந்து பேசியதாகப் பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமை தேடிக்கொண்டேன். மகனின் குரலைத் தன் தொண்டைக்குள் வைத்திருந்த ஒரு தாய், அதை எவருக்கு எடுத்துக் கொடுத்தார் என்பதும், கொடுக்குமுன் அந்தக் கதவருகே எதனோடு போராடினார் என்பதும் எனக்கு அன்று தெரியாது.

இப்போது, பைக் விபத்தில் என் மகன் இறந்து ஐந்து மாதங்களாகின்றன. பைக்கை ஓட்டியவன் அவனுடைய நண்பன். அந்த நண்பன் அறையை விட்டு வெளியே வருவதே இல்லை என்று அவன் தாய் தொலைபேசியில் சொன்னார். நான் பாதியிலேயே வைத்துவிட்டேன்.

இன்னும் செய்யாதவை:

மகனின் சட்டைகளை யாருக்காவது கொடுப்பது.

அவன் கைபேசி இணைப்பைத் துண்டிப்பது.

அந்தத் தாயைத் திரும்ப அழைப்பது.

அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே போய், அவன் அறை வாசலில் நிற்பது.