மஞ்சள் மாத்திரை இரண்டு

எங்கள் வீட்டில் மாத்திரை இலாகா என்னுடையது. அப்பாவுக்கு இருதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை போட்டாக வேண்டும். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்காம் வகுப்புக்காரி நான்தான் காலையில் எடுத்துக் கொடுப்பேன். பெருமை தாங்காது எனக்கு.

அப்பா வேன் ஓட்டுபவர். கிளட்ச் மிதித்து மிதித்து முட்டி வீங்கிப்போனது. கேளம்பாக்கத்து மாமா ஒரு டப்பா மஞ்சள் மாத்திரையோடு வந்து இறங்கினார்.

"மச்சான், சும்மா மஞ்சாதான் இது. கொழம்புல போட்டுத் துன்றதில்ல? தெகிரியமா தெனம் ஒண்ணு போடு."

எனக்கோ அவசரம். முட்டி சரியானதும் சைக்கிள் பழக்குவதாக அப்பா சொல்லியிருந்தார். மஞ்சள்தானே, என்ன செய்துவிடப் போகிறது? இரண்டிரண்டாகக் கொடுத்தேன்.

வலி குறைந்தது வாஸ்தவம். கூடவே பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. கையெல்லாம் நீலம் பாரித்தது. ஒருநாள் காலை மூக்கிலிருந்து ஒழுக ஆரம்பித்த ரத்தம் நிற்கவே இல்லை. துண்டு முழுக்க நனைந்துவிட்டது. அப்பா செத்துப்போய்விடுவாரோ என்று பயந்து அம்மாவைக் கட்டிக்கொண்டேன்.

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

"வேற எதுனா மாத்திர சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்கம்மா."

அப்பா பொய் சொல்லவில்லை. மஞ்சளை யாராவது மருந்துக் கணக்கில் சேர்ப்பார்களா? சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன், சொல்லாவிட்டால் அப்பா? "மஞ்சா மாத்திர சாப்புட்டாரு" என்று சொல்லி ஓவென்று அழுதுவிட்டேன்.

"கொழம்பு மஞ்சள் வேற, இது வேறம்மா. இதுல சாரத்த எடுத்து அடைச்சிருக்காங்க. ஏற்கெனவே ரத்தம் உறையாம மாத்திர போடுறவரு. இதுவும் சேர்ந்தா ரத்தம் எப்படி நிக்கும்? தலைக்குள்ள கசிஞ்சிருந்தா?" என்ற டாக்டரம்மா, "தினம் எத்தன?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"கொழந்த ஒண்ணுதாம்மா குடுக்கும். நான்தான் கூட ஒண்ணு எடுத்துப் போட்டுக்கினேன்."

மூன்று நாள் வார்டில் வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களெல்லாம் என்னைக் கெட்டிக்காரி என்று மெச்சினார்கள். நான் மட்டும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நான் கொடுத்தது இரண்டு, அப்பா எடுத்தது ஒன்று, ஆக மூன்றா? எனக்குத் தெரியாமல் தின்றாரே என்று அவர்மேல் கோபம்கூட வந்தது. யாரும் தொடக்கூடாதென்று டப்பாவை என் பள்ளிக்கூடப் பையிலேயே வைத்திருந்தேன். அதிலிருந்து எப்போதுதான் எடுத்தாரோ, அது மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.