திரும்பி வந்த சிடி பிளேயர்கள்

பழைய சிடி பிளேயர் விற்கிறவனுக்குக் கெட்டுப்போன கருவியைப் பார்த்துப் பயமில்லை. எந்தக் கோளாறும் இல்லாமல் திரும்பி வருகிற கருவியைப் பார்த்துத்தான் பயம். பழைய சாமான் வியாபாரத்தில் இருக்கும் சக அவஸ்தைக்காரர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

காளிகாட் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் கடை. நான் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். என் கூட்டாளி தபன்தா, சாலிடரிங் அயர்னைக் கீழே வைக்காத மனுஷர். பத்து வருஷமாக சிடி என்றாலே சிரித்த ஜனங்கள் இப்போது மறுபடி தேடி வருகிறார்கள். போனில் கேட்டால் பாட்டு கையில் நிற்கவில்லையாம். எந்த பிளேயர் வாங்கலாம், தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா, ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்கலாமா என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கெல்லாம் என்னிடம் பதில் உண்டு. கீழே சொல்லப் போகிறவற்றுக்கு இல்லை.

பூட்டிய வீட்டில் பாட்டு

நியூ டவுனில் பதினேழாவது மாடியில் இருக்கும் காயத்ரிக்கு ஐ.டி. கம்பெனியில் வேலை. புருஷன் வெளிநாட்டில் இருந்தார். எங்களிடம் பிளேயர் வாங்கிப் போன மறுவாரமே போன் செய்தாள்: "அண்ணா, ஆபீஸ் முடிஞ்சு வந்தா வீட்டுக்குள்ள பாட்டு ஓடுது. அவர்தான் சொல்லாம வந்துட்டாரோன்னு பெல் அடிச்சேன். பாட்டு நின்னுடுச்சு. சாவி போட்டுத் திறந்தா வீட்ல யாருமில்ல."

போய்ப் பார்த்தேன். போனில் கேட்டதுமே எனக்குக் காரணம் புரிந்திருந்தது. அந்தக் காலத்து பிளேயர்களில் டைமர் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அதைப் போட்டு வைத்தால், கரண்ட் போய் வந்ததும் உள்ளே இருக்கிற சிடி தானாகப் பாட ஆரம்பிக்கும். சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன், சமர்த்தாகப் பாடியது. டைமரை அணைத்துவிட்டு, சாமர்த்தியசாலி போலக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தேன். காயத்ரி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் வந்தா பாடும், அது சரிண்ணா. ஆனா அன்னிக்கு நான் வெளியில நிக்கறப்போ காரிடார்ல லைட் அணையவே இல்ல, லிஃப்டும் ஓடிட்டுத்தான் இருந்தது. நான் பெல் அடிச்சதும் நிறுத்தினது யாரு?"

மிச்ச நேரம்

சால்ட் லேக்கில் ரிடையர்டு அதிகாரி ஒருவர், எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பூஜைகளில் பார்த்துப் பழக்கம். மாமா என்றுதான் கூப்பிடுவேன். உடம்பு முடியாமல் படுக்கையில் இருந்தார். அவர் பொழுது போக மகன் ரவி ஒரு பிளேயர் வாங்கிக் கட்டிலுக்கு எதிரே வைத்தான். சில நாளில், "அப்பா அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கறார். பாட்டு போட்டா கையைப் பிடிச்சு நிறுத்தறார்" என்றான்.

பாட்டு ஓடும்போது பார்த்தேன். வழக்கமாக முகப்பில் பாட்டு ஓடிய நேரத்தைக் காட்டும் எண் ஏறிக்கொண்டு போகும். இதில் இறங்கிக்கொண்டிருந்தது. யாரோ பொத்தானை அழுத்தி, மிச்ச நேரம் காட்டும்படி மாற்றியிருக்கிறார்கள். பழையபடி மாற்றினேன், இரண்டாவது பாட்டில் தானாக மறுபடி இறங்க ஆரம்பித்தது. பொத்தான் தேய்ந்திருக்கும் என்று ரவியைச் சமாதானப்படுத்தினேன். மாமா கண்கொட்டாமல் அந்தப் பச்சை எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பு டேப் ஒரு துண்டு கிழித்து எண்ணை மறைத்து ஒட்டினேன். அறையே லேசானது போலிருந்தது. "இனிமே நிம்மதியா கேளுங்கோ மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: "ஒட்டிட்டா அது எண்ணறது நின்னுடுமாடா?"

இரண்டாவது மூச்சு

சௌத்ரி பாபு எங்களிடம் இருந்ததிலேயே நல்ல பிளேயரை வாங்கிப் போனவர். மனைவி காலமாகி நாளாகிவிட்டது. அவர் வெளியூரில் வேலையாக இருந்தபோது அந்த அம்மாள் வீட்டிலேயே கேசட்டில் பாடிப் பதிந்து அனுப்பியிருந்தார். பின்னால் அதை சிடியாக மாற்றி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சிடிக்காகத்தான் பிளேயரே.

ஒரு மத்தியானம் பிளேயரையும் சிடியையும் தூக்கிக்கொண்டு வந்தார். "இதில் ஏதோ கோளாறு. வேறு சத்தம் கலக்கிறது" என்று வங்காள மொழியில் சொன்னார்.

தபன்தா லென்ஸைத் துடைத்து, பெரிய ஸ்பீக்கரில் மாட்டினார். முதலில் அந்த அம்மாள் பேசினார்: வீட்டில் யாருமில்லை, கதவைச் சாத்திவிட்டு உங்களுக்காகப் பாடுகிறேன் என்று. பிறகு பாட்டு. குரல் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது. எதிரே உட்கார்ந்து பாடுவது போல. சரணத்தில்தான் எனக்கும் கேட்டது. பாடுகிறவருக்குப் பின்னால், யாரோ நிதானமாக மூச்சு விட்டார்கள்.

பிளேயரை மாற்றினோம். ஹெட்போனில் கேட்டோம். எல்லாவற்றிலும் இருந்தது. தபன்தா திருப்புளியை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒரு காரணம் சொன்னேன்: "கேசட் டேப் சுருளில் ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று படிந்து, அவர் மூச்சே எதிரொலி மாதிரி விழுந்திருக்கும்." அப்படி நடப்பது உண்டுதான்.

அவர் தலையை ஆட்டினார். "அவள் பாட்டை நிறுத்திவிட்டு மூச்சு வாங்குவாள். இது அவள் பாடும்போதே விடுகிறது. அவளே சொல்கிறாளே, யாருமில்லை என்று. என்னிடம் அவள் பொய் சொன்னதில்லை."

அந்த அம்மாள் பொய் சொல்லியிருந்தால், அறையில் கூட ஓர் ஆள் இருந்திருக்கிறார், அது ஒரு மாதிரி. சொல்லவில்லை என்றால் அது இன்னும் மோசம். இரண்டையும் அவர் யோசித்து முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது.

கடைசியில் பலகை மேலிருந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் பிளேயரை எடுத்துப் போட்டேன். குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. மூச்சு அநேகமாக மறைந்துவிட்டது. சௌத்ரி பாபு ஸ்பீக்கரில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு முழுவதும் கேட்டார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"இதைவிடக் கொஞ்சம் மோசமாக ஒன்று இருக்கிறதா?"

இப்போதெல்லாம் ரசீதின் அடியில் நானே கைப்பட எழுதிக் கொடுத்துவிடுகிறேன்: கடையின் பொறுப்பு கருவிக்கு மட்டும், அதில் கேட்பதற்கு இல்லை.