ஒரே பாத்திரம்

ஊர் தமிழர் பக்கமா ஆந்திரா பக்கமா என்று எல்லைச் சண்டை நடந்த காலத்தில் எங்கள் வேதக்கோயில் கூரைமேல் இரண்டு தரப்பும் கல் எறிந்தன. தமிழில் பாடினால் ஒரு கும்பலுக்கு ஆத்திரம், தெலுங்கில் ஜெபித்தால் இன்னொன்றுக்கு. நாங்கள் இரண்டிலும் பாடுகிறவர்கள். ஓடு மாற்றி மாளவில்லை.

புத்தூர்ப் பக்கத்தில் சின்ன சபை எங்களுடையது. ஞாயிறு ஆராதனையில் வேதபாடத்தைத் தமிழில் என் வீட்டுக்காரர் வாசிப்பார். அவர் முடித்ததும் அதையே தெலுங்கில் வாசிக்க ஒருவன் இருந்தான். இரண்டு பேரும் ஒரே பாயில் உட்காருவார்கள். என்னை அக்கா என்பான். எங்கள் வீட்டில் அவன் சாப்பிடாத வாரமே கிடையாது.

ஒரு சந்தை நாளில் நானும் வீட்டுக்காரரும் பஸ்ஸை விட்டு இறங்கினோம். கழியும் சைக்கிள் செயினுமாக ஒரு கும்பல் ஆண்களை மட்டும் மடக்கியது.

"நுவ்வெவருரா? தமிழா, தெலுங்கா?"

"நான் வேதக்காரன்பா" என்றார் என் வீட்டுக்காரர்.

யார் கேட்டாலும், கிறிஸ்தவன் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார். பின்னாலிருந்து எவனோ "அரவோடு" என்று கத்தினான். தமிழனைத் தெலுங்கில் ஏளனமாகச் சொல்லும் சொல் அது. உடனே அடி விழுந்தது. முதுகில், முழங்காலில், தலையில். குனிந்தவர் நிமிரும்போது ஒரு செயின் அவருடைய இடது கண்ணில் இறங்கியது. சத்தம் எனக்குக் கேட்டது. அதை வீசிய கையையும் அதற்கு மேலிருந்த முகத்தையும் பார்த்தேன். தெலுங்கில் வேதம் வாசிக்கிற அவன்தான்.

கண் போய்விட்டது. முகத்தில் கட்டோடு படுத்திருந்தவரிடம், அவன் வருகிற கோயிலில் இனி கால் வைக்க மாட்டேன் என்று கத்தினேன். உலக்கையால் அவன் மண்டையைப் பிளக்க வேண்டும்போல் இருந்தது.

"கோயில உட்டா நமக்கு இன்னாடி இருக்குது?" என்றார் அவர். "தமிழுன்னா இவன் அடிக்கிறான், தெலுங்குன்னா அவன் அடிக்கிறான். நாம போய் நிக்கிறதுக்கு வேற எடம் ஏது?"

 எனக்குக் கோபம் தணியவில்லை.

அடுத்த இராப்போஜன ஞாயிற்றுக்கு அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் குடிக்கிற திராட்சரசப் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் எங்கள் போதகர் ஐயர், யாருக்காவது யார் மேலாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்பார். உண்டென்று ஒருவர் சொன்னாலும் அது தீரும்வரை யாருக்கும் பாத்திரம் கிடையாது. வழக்கத்துக்குக் கேட்பார், வழக்கத்துக்கு எல்லோரும் சும்மா இருப்போம்.

அன்றைக்கு நான் எழுந்தேன். "எனக்கு இருக்குது, ஐயரே."

பெண்கள் பக்கத்திலிருந்து ஆண்கள் பக்கத்துக்கு நடந்துபோய் அவனை ஓங்கி அறைந்தேன். போதவில்லை. வளையல் உடைய மறுபடியும் அறைந்தேன். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அவன் கையைத் தூக்கவில்லை.

"மூஞ்சியப் பாக்கலக்கா" என்று அழுதான். "அரவோடுன்னு கத்தினாங்க. ஓங்கிட்டேன். அப்புறந்தான் பாத்தேன்."

பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்த முகம். ஒரு சொல் கேட்டதும் அது அவன் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. 

"போதும், ஒக்காரு" என்றார் என் வீட்டுக்காரர். "ஐயரு எவ்ளோ நேரம் புடிச்சிக்கினு நிப்பாரு?"

திரும்பிப் போக எனக்குக் கால் வரவில்லை. அங்கேயே, அவனுக்கும் என் வீட்டுக்காரருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஆண்கள் பாயில் ஒரு பெண் உட்கார்ந்ததை யாரும் கேட்கவில்லை. ஐயர் என்னைப் பார்த்தார். தீர்ந்தது என்று தலையை ஆட்டினேன். பொய்தான். வெளியே எவனோ எல்லைக் கோஷம் போட்டுக்கொண்டு போனான். எங்கே வேண்டுமானாலும் கோடு போடட்டும், இந்தப் பாயை விட்டு என்னை எவனும் எழுப்ப முடியாது என்று நினைத்தேன்.

பாத்திரம் முதலில் அவனிடம் வந்தது. குடித்துவிட்டு, தலை குனிந்தபடி என்னிடம் நீட்டினான். விளிம்பில் அவன் உதட்டு ரத்தம் ஒட்டியிருந்தது. நான் துடைக்கவில்லை. அந்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தேன்.