மூணு பொண்ணும் ஒரு செவலை மாடும்

பள்ளிக்கூட வண்டி ஆயாவுக்கு சம்பளம் குடுக்குறதே கொரலுக்குத்தான். அடுத்தவங்க வாசல்ல நின்னு கத்திட்டு, "தோ வந்துட்டேன்"ங்கிற ஒத்த வார்த்தைய நம்பி வெயில்ல காஞ்சவங்க யாரா இருந்தாலும் நம்ம கட்சிதான். உங்களுக்குத்தான் இத்தச் சொல்றேன், கேட்டுக்குங்க.

எங்க வண்டி ரெட்டை மாட்டு வண்டி. சாந்தோம்ல பொறப்பட்டு, மயிலாப்பூர சுத்திக்கினு, ராயப்பேட்டையில இருந்த பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போவும். நாலு பக்கமும் திரை. முன்னால வண்டிக்காரர் முனுசாமி, உள்ள நானு. சின்னதுங்க நெறைய ஏறும், எறங்கும். அந்த வருசம் ஆறாம் பாரம், அதான் கடைசி வகுப்பு, படிச்சது மூணே மூணு. பங்குனியில கவர்மெண்டு பரீட்சை. அத்தத் தாண்டிட்டா ஒண்ணுக்கு நர்சு வேலை, ஒண்ணுக்கு காலேஜு, இன்னொண்ணுக்கு "அப்பறம் பாத்துக்கலாம் ஆயா". மூணையும் பரீட்சை நடக்குற எடத்துல கொண்டுபோய் எறக்குற வரைக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது.

வக்கீல் வூட்டு வாசல்

மாட வீதியில வக்கீல் சாமி வூடு. அவரு பொண்ணு அலமேலு. அப்பா மாதிரி கறுப்புக் கோட்டு போடணும்னு அதுக்கு ஆசை. ஆசை இன்னா ஆசை, அஞ்சாறு வயசுலருந்தே கோட்டு இல்லாம வக்கீல் வேலை பாத்துக்கினுதான் இருந்துச்சு. எத்தச் சொன்னாலும் அதுக்கு ஒரு எதிர்வாதம் வெச்சிருக்கும்.

தெனம் அந்த வாசல்லதான் எங்களுக்கு பேஜாரு. நான் கூப்புட்டா உள்ளேருந்து "வந்துண்டே இருக்கேன், ஆயா"ன்னு கொரலு வரும், ஆளு வராது. வருசக்கணக்கா அங்கயே நின்னு நின்னு எங்க செவலை மாடு அத்த தொழுவம்னே முடிவு பண்ணிடுச்சு. கண்ண மூடி அசை போட்டு, சாணியும் போட்டுட்டுத்தான் நகரும். ஒரு நா பொறுக்க மாட்டாம உள்ள எட்டிப் பாத்தேன். தலைய ஒரு பக்கம் பின்னியும் ஒரு பக்கம் பின்னாமலும் குந்திக்கினு காபி குடிக்குது. "வந்துக்கினே கீறேன்னு சொல்லிட்டு இங்க குந்திக்கினு கீறியே, இது நாயமா"ன்னு கேட்டேன். டம்ளரக் கூட கீழ வெக்காம சொல்லிச்சு: "வந்துட்டேன்னு சொல்லியிருந்தா பொய். வந்துண்டே இருக்கேன்னுதானே சொன்னேன். மனசால கெளம்பி ரொம்ப நாழியாச்சு, ஆயா."

திரையில ஒரு ஓட்டை

ஜுபேதா கச்சேரி ரோட்டு அத்தர் கடை பாயோட பொண்ணு. அது ஏறினா வண்டியே கல்யாண வூடு மாதிரி மணக்கும். பாய் நல்ல மனுசன், பொண்ணு படிக்கணும்னு அவ்ளோ பிரியம். ஆனா திரை ஒண்டி ஒழுங்கா இருக்கணும். தெனம் அவரே வந்து நாடாவ இழுத்துக் கட்டிட்டுத்தான் கடையத் தொறப்பாரு.

பின்பக்கத் திரையில ஒரு சின்ன ஓட்டை இருந்தது அவருக்குத் தெரியாது. ஜுபேதா அதுல ஒரு கண்ண வெச்சுக்கினு ஊரு நாயம் பூரா வண்டிக்குள்ள சொல்லிடும். எந்த டீச்சரு புதுக் கொடை வாங்கினாங்க, யாரு வூட்டுல வெள்ளையடிக்கிறாங்க, எல்லாம். அப்பறம் அந்த டீச்சரு மாதிரியே பேசிக் காட்டும். சிரிச்சு சிரிச்சு எனக்கு வயித்த வலிக்கும், அதட்டக் கூட தெம்பு இருக்காது.

ஒரு நா லஸ் பக்கம் போய்க்கினு கீறோம். திரைக்குள்ளேருந்து இது கத்துது, "முனுசாமியண்ணே, பின்னால டிராம் வருது, ஓரமா வுடு"ன்னு. அவரு ஒதுக்கவும் டிராம் ஒரசினாப்புல போச்சு. முனுசாமி வேர்வையத் தொடச்சுக்கினு என்னாண்ட சொன்னாரு: "திரைய வுட்டு வெளிய வராத கோஷா பொண்ணுன்னீங்களே ஆயா, இந்த ரோட்டப் பத்தி என்னைய விட அதுக்குத்தான் ஜாஸ்தி தெரியுது."

இங்கிலீஷுல மீனு

மூணாவது பிலோமினா. சாந்தோம் குப்பத்துப் பொண்ணு. வண்டி மணல்ல எறங்காதுன்னு அதுவே நடந்து வந்து ரோட்டுல நிக்கும். அத்த ஒண்டி நான் கூப்புட்டதே இல்ல, எனக்கு முன்னால வந்து நிக்கும். பேச்சு கம்மி. மொத மொதல்ல மீன் வாடைன்னு சின்னதுங்க மூக்கப் புடிச்சுதுங்க. ஜுபேதா எழுந்து வந்து பிலோமினாவ ஒட்டிக் குந்திக்கிச்சு. அதுக்கப்பறம் ஒரு வாண்டும் வாயத் தொறக்கல.

அவங்கம்மா கூடையில மீனு வெச்சுக்கினு அடையாறு பங்களாவுங்களுக்குப் போவும். வழியில எங்க வண்டியப் பாத்தா நிறுத்திடும். பொண்ணு படிக்குதா தூங்குதான்னு கேட்டுட்டுத்தான் வழி வுடும். "இங்கிலீஷு இவ்ளோ கத்துக்கிச்சே, உனக்கு எதுனா சொல்லிக் குடுத்துச்சா"ன்னு ஒரு நா கேட்டேன். கூடைய இடுப்புல மாத்திக்கினு சிரிச்சுது: "ஒரு வார்த்தை குடுத்துச்சு ஆயா, 'நோ'. அத்தச் சொன்னா தொரசானிங்க பேரம் பேச மாட்டேங்கிறாங்க."

தெனமும் வாய்தா

பொங்கல் கழிஞ்சு மொத நா. வக்கீல் வூட்டு வாசல்ல நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அவரே வெளிய வந்தாரு. "இனிமே அவளக் கூப்பிட வேண்டாம். வைகாசியில கல்யாணம். படிச்சது போறும்னுட்டா பிள்ளையாத்துல"ன்னாரு. "பரீட்சைக்கு ரெண்டே மாசந்தானே சாமி, பணங்கூட கட்டியாச்சே"ன்னேன். அவரு கதவ சாத்திக்கினு உள்ள போய்ட்டாரு. அன்னிக்கு வண்டியில ஒருத்தரும் சிரிக்கல.

மறுநா முனுசாமியாண்ட "நேரா வுடு"ன்னேன். அவரும் வுட்டாரு, செவலைதான் வுடல. டாண்ணு அந்த வாசல்ல நின்னுச்சு. தட்டினாரு, அதட்டினாரு, வால முறுக்கினாரு, ஊஹூம். வழக்கமா நிக்கிற நேரம் பூரா நின்னுட்டுத்தான் காலு எடுத்துச்சு. மறுநாளும் அப்டியே. மூணாம் நா ஜுபேதா சரித்திரப் புஸ்தகத்த எடுத்து, தெரு கேக்குற மாதிரி படிக்க ஆரம்பிச்சுது. பிலோமினா, அந்தப் பேசாத பொண்ணு, கேள்வி கேக்குது. எனக்கு மொதல்ல ஒண்ணும் புரியல. அப்பறம் பாத்தா மாடியில அலமேலு ரூம்பு ஜன்னலு ஒரு வெரக்கடை தொறந்து கீது.

அப்பறம் மாடு நிக்கிறதுக்கு நான் கோவிச்சுக்கல. சரித்திரம் முடிஞ்சு கணக்கு வந்துச்சு. தெருவுல போறவங்க எல்லாம் வக்கீல் சாமியப் பாத்து, "வண்டி நிக்கறதே, பொண்ணு இன்னும் கெளம்பலையா"ன்னு கேப்பாங்க. அவரும் எத்தினி பேருக்குத்தான் பதில் சொல்லுவாரு. ஒரு நா நேரா முனுசாமியாண்ட வந்து நின்னாரு: "கோர்ட்டுல ரெண்டு வாய்தாவுக்கு மேல கேட்டா ஜட்ஜே கோச்சுப்பார். உன் மாடு தெனமும் வாய்தா கேக்கறதேப்பா."

பரீட்சை அன்னிக்கு

அன்னிக்கு வண்டியில பெரிய பொண்ணுங்க ரெண்டு ஒண்டிதான். ரெண்டும் புஸ்தகத்த மடியில வெச்சுக்கினு குந்திக்கினு கீதுங்க. செவலை வழக்கப்படி நின்னுச்சு. வக்கீல் சாமி வாசப்படியில நிக்கிறாரு. வர்றது வரட்டும், திட்டினா திட்டட்டும்னு ரெண்டு மாசமா பூட்டி வெச்ச கொரலத் தொறந்தேன். "அலமேலு பாப்பா, பரீட்சைக்கு நாழியாச்சு."

அவரு திட்டல. கண்ணாடியக் கழட்டி வேட்டியில தொடச்சாரு. "ரெண்டு மாசமா அவ என்னோட ஒரு சண்டை போடல, ஆயா. எதிர்க்கட்சி பேசாத ஆத்துல ஒரு வக்கீல் எப்படி இருக்கறது? பரீட்சை முடியட்டும், மத்தது அப்பறம்னு பிள்ளையாத்துல நேத்து சொல்லிட்டு வந்துட்டேன்"னாரு. அப்பறம் உள்ள திரும்பி, "அலமேலு, வண்டி நிக்கறது பாரு"ன்னு அவரே கூப்பிட்டாரு.

திரைக்குள்ள ரெண்டும் ஓட்டைக்கு முட்டி மோதிக்கினு கீதுங்க. நானும் புடவைத் தலைப்ப கடிச்சுக்கினு நிக்கிறேன். உள்ள டம்ளரு கீழ வெக்கிற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்பறம் அந்தப் பழைய கொரலு:

"வந்துண்டே இருக்கேன், ஆயா."

ஆறாம் பாரத்துப் பொண்ணுங்கள கரையேத்த ஆயா கொரலு ஒண்ணே போதும்னு நெனச்சு நானும் அத்தினி வருசம் கத்தியிருக்கேன், பக்கத்துல செவலை சொம்மா நின்னே பாதி வேலைய முடிச்சுடுச்சு.