எரியாத விளக்கு ஒட்டுகிறவள்

முன் விளக்கை ஹேர் டிரையரால் சூடு காட்டி, கட்டைவிரலால் நீவி ஒட்டிக்கொண்டிருக்கிறாள் ட்வைலா மாபின். ஆமாம், ஒட்டத்தான் செய்கிறாள். அமெரிக்காவின் மூர்ஸ்வில் ஊர்ப் பட்டறைகளில் உருவாகும் பந்தயக் கார்களுக்கு விளக்கு என்பது வெறும் ஸ்டிக்கர். ஒட்டும்போது காற்றுக் குமிழ் விழுந்தால் ஊசியால் குத்தி அமுக்கிவிடுவார்கள். கதவும் கிடையாது. டிரைவர் ஜன்னல் வழியாக நுழைந்துகொள்ள வேண்டியதுதான்.

"எங்க மாமனார் காலத்துல கடையில விக்கிற காரைத்தான் அப்படியே ஓட்டுனாங்க. அப்புறம் வேகத்துக்காகக் கார் கம்பெனிக்காரன் மூக்க நீட்டுனான், பந்தயத்துக்கு ரூல் போடுறவன் நறுக்குனான். இவன் வாலத் தூக்குனான், அவன் அதையும் நறுக்குனான். இப்ப எல்லா காருக்கும் ஏறக்குறைய ஒரே ஒடம்பு. மூஞ்சி மட்டும் நான் ஒட்டுறது," என்பாள், அந்த ஊர் வழக்கப்படி கோலா பாட்டிலுக்குள் வேர்க்கடலையைக் கொட்டிக்கொண்டே.

அந்த மூஞ்சிக்குத்தான் எத்தனை அக்கப்போர்! காரின் சிரிப்பு இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும் என்று கம்பெனி ஆட்கள் வந்து நிற்பார்கள். ரூல்காரர்கள் அளவுத் தகட்டை மூக்கின்மேல் வைத்து முறைப்பார்கள். இரண்டு சம்பந்திக்கு நடுவில் மாட்டிய சமையல்காரி மாதிரி ட்வைலா இரு பக்கமும் தலையாட்டுவாள்.

போன மாதம் பட்டறை முதலாளி பழைய கார் கம்பெனியை விட்டுப் போட்டிக் கம்பெனிக்கு மாறினார். பிடித்தது வம்பு. ட்வைலாவின் கணவன் ஹாய்ட் அதே பட்டறையில் பெயின்டர். பழைய கம்பெனியின் சின்னத்தைப் புஜத்தில் பச்சை குத்திக்கொண்டவன். எதிரி மூஞ்சிக்குப் பெயின்ட் அடிக்க மாட்டேன் என்று சாவியை வீசிவிட்டுப் போய்விட்டான். ஒடம்பு அதேதான்யா என்று இவள் சொல்லப்போக, அன்றிலிருந்து வீட்டில் டி.வி.யோடு மட்டும்தான் பேசுகிறானாம். பக்கத்து வீட்டுத் தகவல்.

வெள்ளிக்கிழமைக்குள் ஹாய்ட் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். இன்று வெள்ளி. மதியம் ட்வைலா வீட்டுக்குப் போன் போட்டாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாளாம், கொண்டுவர வேண்டுமாம். கண்ணாடி இல்லாமல் தெருவே தெரியாதவள் காலையில் எப்படி வண்டி ஓட்டி வந்தாளோ!

ஹாய்ட் வந்தான். வாசலைத் தாண்டவில்லை.

"இந்தா, புடி."

"கையெல்லாம் பிசின். இங்க வந்து வை."

வந்து வைத்தான். கண் இடது விளக்கில் போய் நின்றது. ஸ்டிக்கர் நடுவில் மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு காற்றுக் குமிழ்.

"என்னடி இது, அம்மை போட்ட மாதிரி?"

"எதிரி மூஞ்சிதானே. ஒனக்கென்ன?"

ஹாய்ட் கிளம்பத் திரும்பினான். நாலடி போனவன் நின்றான். திரும்பி வந்து விளக்கின் முன் குந்தினான். அவளைப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினான்.

ட்வைலா காலரில் தயாராகக் குத்திவைத்திருந்த ஊசியை உருவி, அந்தக் கையில் வைத்தாள்.